மம்சாபுரத்து நாடி

ராஜபாளையத்தில் அக்குபங்சர் பார்க்கும் விக்னேஸ்வரனின் வலது கை விரல்களில் மம்சாபுரம் கருத்தம்மாவின் நாடி ஒட்டிக்கொண்டது, தக்காளி கிலோ எண்பது ரூபாய் விற்ற ஆடி மாதத்தில். முட்டி வலி என்று வந்திருந்தாள். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். புறங்கையில் ஒரே ஒரு ஊசி வைத்து எடுத்தார். பிரஷருக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை விஷம், இன்றே நிறுத்துங்கள் என்றார். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வதுதான். அவள் கும்பிட்டுவிட்டுப் போய் பஸ் ஏறிய பிறகும் விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன.

தன் ரத்தம்தான் என்று முதலில் நினைத்தார். ஆனால் அவர் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது விரல்கள் களை வெட்டுகிற வேகத்தில் ஓடின. அவர் மாடிப்படி ஏறும்போது அவை தூங்கின. அடுத்த முறை கருத்தம்மா வந்தபோது இடது கையால் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கையிலும் ஒரே துடிப்பு. அதோடு சந்தேகம் தீர்ந்தது. முட்டி வலி குறைந்துவிட்டதாகவும், மாத்திரைகளைக் கோழி கிளறாத இடமாகப் பார்த்துப் புதைத்துவிட்டதாகவும் அவள் சந்தோஷமாகச் சொன்னாள். ஊரும் பழகிக்கொண்டது. கை குலுக்கியவர்கள் யாருடையது என்று கேட்டார்கள்; மம்சாபுரத்து அம்மா ஒருத்தர் என்றதும், அப்படியா என்று விட்டுவிட்டார்கள். அவர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை அக்குபங்சர் வகுப்புக்கு வரும் மாணவர்கள் மட்டும் இது ஆசிரியரின் சக்தி என்று பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

ஐப்பசிக்குள் துடிப்பு மாறியது. பஞ்சாலை மிஷின் போல விரல்கள் ஓயாமல் இடித்தன. அது என்னவென்று விக்னேஸ்வரனுக்குத் தெரியும். ஆறு வருடமாக அவரே தினமும் பிரஷர் மாத்திரை விழுங்குகிறவர். ராஜபாளையத்துக் கடைகளில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், தலைக்கவசத்தைக் கழற்றாமல் வாங்கி வருவார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வார். கருத்தம்மாவுக்கு என்றைக்கு வேண்டுமானாலும் கை கால் விழலாம், உயிரே போகலாம் என்று தெரிந்தும், வாசலில் ‘மருந்தில்லா வாழ்வு’ என்று பலகை மாட்டியிருந்ததால், கையைப் பையில் விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் சும்மா இருந்தார்.

அவர் மனைவி பானுப்பிரியாதான் ஒரு காலையில் தோசையை வைத்துக்கொண்டே கேட்டாள்: “அந்தம்மா போய்ச் சேந்துட்டா ஒங்க வெரல்ல என்ன துடிக்கும்?”

தோசையைத் தொடாமல் எழுந்து மம்சாபுரம் போனார். கருத்தம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றாள். அந்த வரிசையில் பாதிப் பேரை அவரிடம் அனுப்பியவள் அவள்தான்.

“அம்மா, அந்த மாத்திரைய மறுபடி போடுங்க. நான் சொன்னது தப்பு.”

அவள் சிரித்தாள். “என்னையச் சோதிக்கீகளாய்யா? நான் அசையமாட்டேன்.”

சத்தியம் செய்தார். அதையும் சோதனை என்றே எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் “பாத்தியாட்டி” என்றாள் பெருமையாக. வேறு வழி தெரியாமல், காலையில் போடாமல் வந்திருந்த தன் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டார். அது தொண்டையில் நின்றது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

“இது எம்புட்டு நாளா?” என்றாள் கருத்தம்மா.

“ஆறு வருசமா.”

“எங்க வாங்குதீக?”

“வில்லிபுத்தூர்ல.”

“ஊரு விட்டு ஊரு போயி? கள்ளச் சாராயமா அது?” வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “ஒமக்கு மருந்து. எனக்கு மட்டும் ஏன்யா வெசம்?”

விரல்கள் அடித்த அடியில் அவர் முழங்கை வரை வலித்தது.

அப்படியே ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிரஷர் பார்த்த இளம் டாக்டரம்மா திடுக்கிட்டு, யார் நிறுத்தச் சொன்னது என்று சத்தம் போட்டார். கருத்தம்மா விக்னேஸ்வரனை ஒரு தடவை பார்த்தாள். “யாரும் சொல்லல. நானாத்தான் நிறுத்துனேன்” என்றாள். பொய் சொன்னபோது அவர் விரல்களில் அவள் நாடி ஒரு துள்ளுத் துள்ளியது. அவள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற விக்னேஸ்வரனுக்கு, ரேஷன் கடை முன்னால் திறந்த வாய் அங்கே திறக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பலகையைக் கழற்றினார். வகுப்பு நின்றுபோனது. இப்போது வருகிறவர்களிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்கிறார். நிறுத்துவதெல்லாம் உங்கள் டாக்டர் பாடு என்கிறார். இடது கையால் நாடி பார்த்து, வலிக்கு மட்டும் ஊசி வைக்கிறார். கூட்டம் குறைந்துவிட்டது. கருத்தம்மாவின் நாடி மார்கழிக்குள் அடங்கி ஒழுங்காக ஓடத் தொடங்கியது, ஆனால் விரல்களை விட்டுப் போகவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

அவள் மகன் வல்லரசு ராணுவத்தில் இருக்கிறான். அம்மா போனில் எப்போதும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லுவாள் என்பதால், வாரம் தவறாமல் விக்னேஸ்வரனைக் கூப்பிடுகிறான். அவர் சற்று நேரம் விரல்களைக் கவனித்துவிட்டுச் சொல்கிறார். போன வாரம், “சிரிச்சுக்கிட்டு இருக்காக” என்றார்.

“எதுக்குச் சிரிக்குதாம்?” என்றான் வல்லரசு.

“என்னைய நெனச்சுத்தான்” என்றார் விக்னேஸ்வரன்.