ஈயக்குண்டு இல்லாத வீடு

அந்தத் தீவில் கப்பல் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு இருந்தது. முழத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிற்றின் நுனியில் அதைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, எத்தனை முடிச்சு முழுகியது என்று எண்ணுவார்கள். கப்பல்களுக்குத் துறையில் வழிகாட்டும் துறைக்காரர் வீட்டில் மட்டும் குண்டு கிடையாது. நான்கு தலைமுறையாகக் கிடையாது. தங்கள் வாய்க்காலில் குண்டு விட்டுப் பார்ப்பது, அந்த வாய்க்காலைக் கண்டுபிடித்த பாட்டனாரைப் பொய்யர் என்று சொல்வதற்குச் சமம். அது அந்த வீட்டுக் கட்டுப்பாடு. மற்றவர்களும் அங்கே குண்டு விடுவதில்லை.

கடலிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் தீவு ஒன்றுக்கும் உதவாத கரும்பாறை. வடக்கிலும் கிழக்கிலும் செங்குத்தான மலை. மலையின் தலையில் ஒரே ஒரு பனை. தெற்கே பாதி தூரம் தண்ணீருக்கு அடியில் பாறை, மீதி தூரம் சேற்றுக்காடு. மேற்கே மட்டும் கடல் உள்வாங்கி அகன்ற விரிகுடாவாகக் கிடக்கும். அதன் இரு கரையிலும் கண்டல் மரங்கள் வேர்களைக் கம்பு கம்பாகச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நிற்கும். விரிகுடாவுக்கு உள்ளே காயல். காயல் கரையில் தாழம்புதருக்கும் புன்னைக்கும் நடுவே முந்நூறு வீடுகள், ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. கொள்ளைக் கப்பல்காரர்களின் பெண்டு பிள்ளைகளும், தச்சர்களும், பாய் தைப்பவர்களும், காயத்துக்குக் கட்டுப் போடுபவர்களும் அங்கேதான் இருந்தார்கள். பிடிபட்டால் தூக்கு. அந்த இடத்தை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

விரிகுடாத் தண்ணீர் எங்கே பார்த்தாலும் ஒரே நிறம். பெரிய கப்பல் போகிற ஆழம் அதன் நடுவில் ஒரு கீற்றில்தான் உண்டு. மற்ற இடமெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரும் அடியில்லாச் சேறும். அந்தக் கீற்றைத்தான் வாய்க்கால் என்றார்கள். அதற்கு அடையாளம் இரண்டு மரம். மலை மேலிருக்கும் பனை ஒன்று. காயல் கரையில், பாட்டனார் தம் கையால் நட்ட தில்லை மரம் ஒன்று. தில்லையின் உச்சியைப் பனைக்கு நேர்க்கீழே வைத்துக்கொண்டு வந்தால் கப்பல் மிதக்கும்.

தில்லையைப் பாட்டனார் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. கரும்பச்சைக் காட்டுக்கு நடுவே அதன் வயதான இலைகள் தீப்பிடித்ததுபோல் சிவந்து தெரியும். அதோடு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். விறகுக்கென்று எவனும் அதில் கோடாலி வைக்கமாட்டான். தன்னைத் தானே காவல் காத்துக்கொள்ளும் அடையாளம் அது.

நான்காம் தலைமுறைத் துறைக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. கொள்ளைக் கப்பல்களின் எந்தத் தளபதி வந்தாலும் எழுந்து நிற்கமாட்டார். தளபதிகள்தான் அவர் வாசலில் நின்று பேசினார்கள். அவருக்கு ஒரு தங்கை, விதவை. கண்டல் பட்டையை உரித்து வந்து காய்ச்சி, பாய்களுக்குச் சாயம் ஏற்றுவது அவள் தொழில். ஊரில் பட்டைக்காரி என்பார்கள். அவளுடைய ஒரே மகன்தான் தளபதியின் பெரிய கப்பலில் சுக்கான் பிடிப்பவன். துறைக்காரருக்கு ஆண்பிள்ளை இல்லை. இரண்டு மரங்களின் கணக்கு அவருக்குப் பிறகு அந்த மருமகனுக்குத்தான் தெரியும்.

பத்து மாதத்துக்கு முன் பெரிய கப்பல் புறப்பட்ட அன்று, வாய்க்காலின் நடுவில் அதன் அடிமரம் தரையில் லேசாக உரசியது. "சேத்துல பட்ட மாதிரி இருந்துச்சு மாமா," என்று மருமகன் கப்பலிலிருந்தே குரல் கொடுத்தான். "அலை எறங்கியிருக்கும், போ," என்று அவர் கையை வீசினார்.

அவன் போன மறுமாதம் ஒரு புயல் வந்து மலையின் ஒரு பக்கத்தைச் சரித்து விரிகுடாவில் தள்ளியது. அதற்குப் பிறகு ஒருநாள் பட்டைக்காரி ஈரப் புடவையோடு அண்ணன் வீட்டுப் படியேறினாள்.

"அண்ணா, வாய்க்கால் நகர்ந்திருக்கு."

"நகர்றதுக்கு அது என்ன, கட்டிப்போடாத மாடா?"

"நம்ம தில்லைக்கு நேர கண்டல் கன்னு முளைச்சு நிக்குது. தரை தட்டுற இடத்துலதான் அது வேர் பிடிக்கும். ஆழம் இப்ப தெக்கால தள்ளிப் போயிடுச்சு. ஒரே ஒரு தடவை குண்டு விட்டுப் பாருங்க."

"நம்ம வீட்டுல குண்டு கிடையாது."

"தச்சர்கிட்ட இரவல் வாங்கலாம்."

இரவல் என்ற சொல்தான் காரியத்தைக் கெடுத்தது. துறைக்காரர் வீடு ஆழம் பார்க்க இரவல் வாங்கியது என்று ஊற்றடியில் பெண்கள் பேசுவது அவர் காதில் அப்போதே கேட்டது.

"பட்டை உரிக்கப் போறவ பட்டையை உரி. தடம் பாக்க நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

"புயலுக்கு முன்னாடியே மண் ஏற ஆரம்பிச்சிருச்சு. அவன் புறப்படும்போதே சொல்லிப் பாத்தேன். மாமா சொன்னா மாத்திக்கிறேன், ரெண்டு பேர் சொல்லுக்குச் சுக்கானைத் திருப்ப முடியாதும்மான்னுட்டான்."

"பய நல்லா வளர்ந்திருக்கான்," என்றார் துறைக்காரர். அவள் படியிறங்கிப் போனாள். அதன்பிறகு அவள் புது ஆழத்தின் ஓரமாகக் கொம்புகளை நட்டுக் கந்தல் துணி கட்டிவைத்தாள். "என் தங்கை மீனுக்குச் சோளக்கொல்லை பொம்மை வைக்கிறா," என்று அவரே ஊரில் சொல்லிச் சிரித்தார்.

பெரிய கப்பல் திரும்பிய நாள் நண்பகலில் மலைக் காவலன் மூன்று முறை சங்கு ஊதினான். ஒரு முறை என்றால் நம் கப்பல். மூன்று முறை என்றால் அதன் பின்னால் வேறு கப்பல். ஊரே கரைக்கு ஓடியது. பெரிய கப்பலின் நடுப்பாய்மரம் பாதியில் முறிந்து கிடந்தது. அதற்குப் பின்னால், மிஞ்சினால் ஒரு மணி நேரத் தூரத்தில், இரண்டு ரோந்துக் கப்பல்கள். கப்பலில் எண்பது ஆண்கள். கரையில் நின்ற ஒவ்வொருத்திக்கும் அதில் ஓர் ஆள் இருந்தான்.

துறைக்காரர் வெள்ளை வேட்டி கட்டித் தில்லையடியில் வந்து நின்றார். வழக்கம் அது. அப்போது தோணி ஒன்று வேகமாக வந்து மணலில் ஏறியது. பட்டைக்காரி கீழே குதித்தாள்.

"ஏறுங்க அண்ணா."

"எல்லாரும் பாக்கிறாங்க. அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா என் பிள்ளையோட பிணத்துகிட்டதான் பேசணும். ஏறுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் ஏறியிருக்கமாட்டார். வாய்க்காலின் நடுவுக்கு, பாட்டனாரின் கோட்டின் மேலேயே, தோணியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். "எறங்குங்க," என்றாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினார். தலைக்கு மேல் மூன்று ஆள் ஆழம் இருக்க வேண்டிய இடம். தண்ணீர் அவர் மார்போடு நின்றது. கால் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து தடவினார். கண்டல் கன்று, விரல் பருமன், சேற்றில் நன்றாகப் பிடித்திருந்தது.

கடல் ஓதம் ஏறி உச்சியில் இருந்தபோதே அந்த ஆழம்தான்.

அவர் நிமிர்ந்து கடலைப் பார்த்தார். கப்பலின் மூக்கு திரும்பிக்கொண்டிருந்தது. மருமகன் தில்லையைத் தேடிப் பனைக்குக் கீழே கொண்டுவருகிறான். ஒரு மயிரிழை பிசகாமல் கொண்டுவருவான். அவர் அப்படித்தான் பழக்கியிருந்தார். 'அடையாளம் தப்பு' என்று சொல்ல அந்தத் தீவில் ஒரு சைகை கிடையாது. தேவைப்படும் என்று யாரும் நினைத்ததில்லை. எதிர்க்காற்றில் தோணியைக் கடலுக்குத் தள்ளவும் முடியாது.

"மரத்தை எடுத்துட்டா நிறுத்திடுவான்," என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "நிறுத்தினா பின்னால வர்றவன் பிடிச்சிடுவான்."

"எடுத்து வேற இடத்துல வைக்கணும் அண்ணா. பனைக்கும் கடல் பக்கம் இருக்கிற என் கடைசிக் கொம்புக்கும் நேர் பிடிச்சா ஆழம் இருக்கு. நான் தினம் போற இடம். கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

கரைக்கு வந்ததும் அவர் கோடாலி கேட்டார். ஒற்றைக்காதுத் தச்சர் தம்முடையதை நீட்டினார். எதற்கு என்று தெரிந்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"கோடாலி தர்றேன் ஐயா. கண்ணைத் தர முடியாது. ஏற்கெனவே ஒரு காதைக் கொடுத்தாச்சு."

"உன்னை யார் கேட்டா? எங்க வீட்டு மரம்," என்றார் துறைக்காரர்.

ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டார். கண்களையும் சுற்றினால் வெட்டு எங்கே விழுகிறது என்று தெரியாது. முதல் வெட்டு வாய் பிளந்ததும் பால் வெள்ளையாகப் பொங்கிற்று. மென்மையான மரம். கோடாலி அதற்குள் அழுந்திக்கொண்டு, பிடுங்கும்போதெல்லாம் பாலைத் தெறிக்கவைத்தது. பத்தாவது வெட்டிலோ பதினைந்தாவதிலோ வலக்கண்ணில் நெருப்பு விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. பாட்டனார் நட்ட மரத்தை அவர் பேரன் மகன் வெட்டுகிறான் என்பதை முந்நூறு வீடும் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம் என்பது மற்றவர்களுக்கு நேர்வது என்று அன்றுவரை அவர் நினைத்திருந்தார்.

மரம் சாய்ந்தது. சிவந்த உச்சியை வெட்டி எடுத்துத் தோணியில் போட்டார்கள். இரண்டு ஆள் உயரம் இருந்தது. கட்டி நிறுத்தத் தோணியில் பாய்மரமும் இல்லை, கட்டிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. அடியைத் தோணியின் தட்டில் ஊன்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவர் நின்றார். மேலே முறிந்திருந்த கிளைகளிலிருந்து பால் அவர் நெற்றியில் சொட்டி வழிந்தது. இடக்கண்ணும் போயிற்று.

"கடைசிக் கொம்புக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சு. இன்னும் ரெண்டு அடி தெக்கால. அங்கதான். ஆடாம நில்லுங்க."

"என்ன செய்றான்?"

"நின்னுட்டான் அண்ணா. மரத்தைக் காணோம்னு நின்னுட்டான்."

அவருக்கு எல்லாம் சிவப்பாகவும் பிறகு ஒன்றுமில்லாமலும் இருந்தது. வலி பின்மண்டைவரை குடைந்தது. கையை விட்டுக் கண்ணைத் தேய்த்தால் போதும் என்றிருந்தது. தேய்த்தால் மரம் சாயும். தோளால் அதை நெட்டிப் பிடித்தார்.

"இப்ப?"

"பின்னால வர்ற கப்பல் சுடுது. புகை தெரியுது."

சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"இப்ப?"

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"செத்துட்டியா? பேசு."

"திரும்புறான். அண்ணா, நம்மைப் பாத்துத் திரும்புறான். பனைக்குக் கீழ நம்மைக் கொண்டுவர்றான்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. காதால் பார்த்தார். முதலில் கப்பலின் மூக்கு தண்ணீரைக் கிழிக்கும் ஓசை, பிறகு அறுந்த கயிறுகள் மரத்தில் அடிக்கும் ஓசை, பிறகு காயம்பட்ட ஒருவன் விடாமல் முனகும் ஓசை. தோணி அலையில் எகிறியது. மேலேயிருந்து மருமகனின் குரல் வந்தது.

"மாமா, மரத்தை ஏன் தோணியில வச்சிருக்கீங்க? இதுக்கு மேல எதைப் பாத்துப் போறது?"

"துணி கட்டின கொம்பு வரிசையா இருக்கு பாரு. உங்கம்மா நட்டது. அதை வலப்பக்கம் விட்டுப் போ."

"அம்மா நட்டதா?"

"மாமா சொல்றேன். போ."

கப்பல் போயிற்று. ஒரே ஓர் இடத்தில் அடிமரம் நறநறவென்றது. பட்டைக்காரி மூச்சை உள்ளே இழுத்தது அவருக்குக் கேட்டது. பிறகு காயலிலிருந்து நங்கூரம் விழும் சத்தம்.

"கிளையைப் படுக்கப் போடுங்க அண்ணா. ரோந்துக்காரனுங்க பாக்கிறானுங்க."

அவர் கைகளைப் பிரிக்க அவள்தான் உதவ வேண்டியிருந்தது.

ரோந்துக் கப்பல்கள் உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. விரிகுடாவின் வாயில் இரண்டும் நங்கூரம் போட்டன. விடிந்தால் படகுகளை இறக்குவார்கள் என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீடுகளில் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மூட்டையோடு எங்கே போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றித் துறைக்காரரின் கண்களைக் கழுவினார்கள். பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் காயத்துக்குக் கட்டுப் போடுபவர். தளபதி வந்தார். வழக்கம்போல வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க," என்றார் துறைக்காரர். கண்ணில் கட்டோடு எழுந்து நின்றார். "பத்து மாசமா தப்பான தடத்தைக் காவல் காத்தவன் நான். என் தங்கச்சி சொன்னா. கேக்கல. ஊர் முன்னாடி சொல்லிடுங்க."

தளபதி தொண்டையைச் செருமினார். மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டைக்காரி கைகளில் ஒட்டியிருந்த பாலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "தெக்குக் காட்டுல ஒரு இடம் இருக்கு. மலை சரிஞ்சப்ப காயல் தண்ணி அந்தப் பக்கம் புதுசா ஒரு வழி போட்டுச்சு. ரெண்டு கரையிலயும் கண்டல் நிக்குது, நடுவுல ஒரு கன்னுகூட முளைக்கல. அது பாறையைத் தாண்டிக் கடல்லதான் போய்ச் சேருது. எவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியாது. என் கொம்பு எட்டல."

"விடியறதுக்குள்ள பெரிய கப்பல் அது வழியா வெளிய போகணும்னா எவ்வளவு ஆழம் வேணும்?" என்று தளபதியே கேட்டார்.

"ஒன்பது முடிச்சு," என்றான் மருமகன்.

துறைக்காரர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அங்கே ஊர் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"தச்சரே, உங்க குண்டு இரவல் வேணும்."

மாலை ஓதம் ஏறத் தொடங்கியபோது தோணி தெற்குக் காட்டுக்குள் நுழைந்தது. கண்டல் வேர்களில் தண்ணீர் சளசளத்தது. சேற்று வாடை மூக்கில் ஏறியது. பட்டைக்காரி துடுப்பு வலித்தாள். அவர் முன்னால் உட்கார்ந்து கயிற்றை விரல்களின் இடுக்கில் விட்டார். முடிச்சை எண்ணக் கண் எதற்கு?

"நாலு," என்றார். சிறிது தூரம் போனார்கள். "ஆறு. தட்டுது."

"இன்னும் நடுவுக்குப் போறேன்."

அவள் சொன்ன இடத்தில் குண்டை மறுபடி விட்டார். ஆறு போயிற்று. ஏழு. எட்டாவது முடிச்சு விரலில் உரசிக்கொண்டு இறங்கிற்று. துடுப்பு நின்றது. ஒன்பதாவது முடிச்சும் கையைத் தாண்டியது.

குண்டு இன்னும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.