பரணில் இருந்த மோட்டார்

வெர்லின் அட்டையில் செய்த மாதிரி ராக்கெட் விடுவதை நிறுத்தி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. இப்படி விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர்களை அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் அவருடைய ராக்கெட் சங்கத்தில் 'மறுபிறவி' என்று கேலி செய்வார்கள். அறுபத்து மூன்று வயதில் மறுபிறவி எடுத்தவருக்கு உண்மையில் ஆசை ராக்கெட்மேல் இல்லை. மகள் மார்லிஸ் அவரோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் இருவரும் சேர்ந்து செய்த சிவப்பு ராக்கெட் பரணில் கிடைத்தது, சனிக்கிழமை அதை விட வருகிறாயா என்று எழுதிப் போட்டார். 'வரேன்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அந்தச் சொல்லை நாளுக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தார்.

மனுஷன் நல்லவர்தான், வாய்தான் கெட்டது. எது நடந்தாலும் யார்மேல் தப்பு என்று முதலில் தேடுகிற வாய். மனைவி விட்டுப் போனது அதனால்தான். கடைசியாக மார்லிஸைப் பார்த்துக் கத்தியது அவள் கல்யாணத்தன்று, கேக் வரத் தாமதமானதற்கு. கேக் கடைக்காரன் செய்த தப்புக்கு மணப்பெண் அழுதாள். இன்றைக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று வண்டியில் வழிநெடுகத் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

சங்கத்து மைதானத்துக்கு மார்லிஸ் வந்தாள். புல்வெளியில் முழங்காலிட்டு, ராக்கெட்டின் பாராசூட்டில் முகப்பவுடரைத் தூவி, ஒட்டாமல் மடித்துக் குழாய்க்குள் தள்ளினாள்.

"மறக்கலியா நீ?" என்றார் வெர்லின்.

"கை மறக்கலை. நான்தான் மறக்கப் பார்த்தேன்" என்று சிரித்தாள்.

அவர் ராக்கெட்டையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

விடுமுன் ராக்கெட்டுகளைச் சரிபார்க்கும் சோதனை மேசையில் லொரெட்டா இருந்தாள். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்து, யாரையும் நம்பாத கண் அவளுக்கு. ராக்கெட்டின் இறக்கைகளை இழுத்துப் பார்த்தாள். பிறகு ராக்கெட்டை மேலே தள்ளும் மருந்துக் குழலான மோட்டாரைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா வெர்லின், இது உன்னைவிடக் கிழடா இருக்கே. எங்க வச்சிருந்தே?"

"கீழ்த்தளத்துல."

"பரண்ல இல்லையே?"

"சத்தியமா கீழ்த்தளத்துலதான்மா."

பொய். பரணில் கோடை வெக்கையும் குளிர்காலக் குளிரும் மாறி மாறிப் பட்டால் உள்ளே மருந்து விரிசல் விடும், ராக்கெட் பறக்காமல் வெடிக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பத்தடி தள்ளி ஒருவன் புது மோட்டார் விற்றுக்கொண்டிருந்தான். ஆனால் அந்தப் பழைய பாக்கெட்டின்மேல் 'அப்பாவுக்கும் எனக்கும்' என்று குழந்தைக் கையெழுத்து இருந்தது. அதைத்தான் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதம்.

மைதானமே சேர்ந்து எண்ணியது. "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு!" மார்லிஸ் பொத்தானை அழுத்தினாள்.

ராக்கெட் ஓர் ஆள் உயரம்கூட எழும்பவில்லை. படாரென்று வெடித்து, சிவப்பு அட்டை நாலாபுறமும் சிதறியது.

"என்னடி பண்ணித் தொலைச்சே? பாராசூட்டை ஒழுங்கா மடிச்சியா இல்லியா? ஒரு வேலை, ஒரே ஒரு வேலை உன்கிட்ட குடுத்தேன்!"

கத்தியது வெர்லின்தான். முடித்த பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லொரெட்டா புல்லிலிருந்து கருகிய மோட்டார்க் கூட்டைப் பொறுக்கி எடுத்து வந்தாள்.

"அந்தப் பொண்ணை எதுக்குய்யா கத்தறே? பாராசூட் பத்திரமா இருக்கு. இது பரண்ல வெந்த மோட்டார். என்கிட்ட பொய் சொல்லியிருக்கே."

மார்லிஸ் கார் பக்கம் நடந்தாள். வெர்லின் மூச்சு வாங்க ஓடினார்.

"தப்பு என்னோடதுதான்மா. தெரிஞ்சேதான் பண்ணேன். வாய் தவறிடுச்சு. மன்னிச்சிடு. அடுத்த மாசம் புது மோட்டார் வாங்கி..."

அவள் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். முகத்தில் கோபம் இருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

"உங்களுக்கு வயசாயிருக்கும், அடங்கியிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்பா" என்றாள்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கொடி கட்டிய வேலியைத் தாண்டி, மெதுவாகத்தான் ஓட்டிப் போனாள்.