வடுவற்ற மார்பு

ஆழிப்பேரலை அடித்துவந்த கூரைத்தகரம் கதிரவெளியில் விஜிதரனின் மார்பைக் கீறியது.

"இனி வெறும் மேலோட கோயிலுக்குப் போனா குமர்ப்பெண்டுகள் பயந்து ஓடுவாளுகள்மா" என்று அவன் சிரித்தான்.

"வாயை மூடு மனே. தடமே இல்லாம ஆக்கித் தாறன்" என்றாள் தாய் அன்னப்பூரணி.

வெட்டுக்காயப் பூண்டின் சாற்றால் காயத்தை ஆற்றினாள். தேவாரம் ஓதியபடியே நாள்தோறும் கற்றாழைச் சோற்றைப் பூசி வடுவையும் மறையச் செய்தாள்.

போரின் இறுதியில் அவன் காணாமற்போனான். முகம் சிதைந்த ஓர் இளைஞனின் உடலைக் காட்டிய மருத்துவர், "மகன்ட உடம்பில ஏதும் அடையாளம் இருந்ததா அம்மா?" என்று கேட்டார்.

அன்னப்பூரணி அந்த மார்பைத் தடவிப் பார்த்தாள். வழுவழுப்பாக இருந்தது. அது தன் மகனுடையதாகவும் இருக்கலாம், வேறொருத்தியின் மகனுடையதாகவும் இருக்கலாம்.

"இருந்தது ஐயா. நான்தான் இல்லாம ஆக்கிப்போட்டன்" என்றாள்.