நானே வர்றேன்

விமானத்தின் கடைசி மூன்று வரிசைகளை முதலில் முடித்துவிடச் சொல்லி உத்தரவு. இருக்கைப் பைகளில் பயணிகள் செருகிவிட்டுப் போயிருந்த காகிதக் குவளைகளையும் குழந்தையைத் துடைத்த ஈரத் தாள்களையும் அவள் குப்பைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தாள். எதிர்ப் பக்கம், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் கூட்டாளி, இருக்கை பெல்ட்டுகளை மடித்துப் போட்டாள். விமானத்தில் தலையை இடித்துக்கொள்ளத்தான் அவளுக்குச் சம்பளம் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

"ஊருக்குத் திருப்பி அனுப்புற ஆளு வர்றாப்ல இருக்கு," என்றாள் நெட்டை. "இல்லேன்னா கடைசி சீட்டுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?"

சொல்லி வாய் மூடவில்லை, பின்வாசல் வழியாக நான்கு போலீஸ்காரர்கள் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். அவன் மணிக்கட்டுகள் இடுப்பு வாரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஒரு காலில் செருப்பில்லை. ஜன்னலோரம் திணித்து, தலையை முழங்கால்களுக்கு நடுவே அமுக்கினார்கள். ஒருவன் முதுகில் முட்டியை ஊன்றினான்.

"மூச்சு முட்டுது. நிமித்தி விடுங்க. நானே வர்றேன்."

அவள் கை அப்படியே நின்றது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த இருக்கைகளில் எத்தனையோ பேர் கத்திக் கேட்டிருக்கிறாள். பாஷை புரியாது, காதோடு போய்விடும். இது தமிழ்.

"தம்பி, பொறுங்க. நான் சொல்றேன்."

அந்த நாட்டு மொழியில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்: மூச்சு விட முடியவில்லையாம், நிமிர்த்தினால் தானே வருகிறானாம்.

எல்லாரும் ஒப்பிக்கிற பாட்டுத்தான் என்றான் முட்டி ஊன்றியவன். பிறகு அவள் முகத்தையும், தன் முட்டிக்குக் கீழே தெரிந்த கறுத்த கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நீயும் இந்தக் கூட்டம்தானா, வேலை அட்டையைக் காட்டு என்றான்.

கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். வீட்டு வாடகை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா," கீழேயிருந்து குரல் வந்தது. "சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்ப்பா."

குப்பைப் பையைக் கீழே வைத்தாள். நடைபாதையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "எந்திரிம்மா. ஊர் வம்பை ஏன் விலைக்கு வாங்குற?"

"அவர நிமித்தச் சொல்லுங்கண்ணே. எந்திரிக்கிறேன்."

"நானும் நீயும் சொன்னா கேக்குற ஆளுங்களா இவங்க?"

நெட்டை நீளக் கால்களை எப்படியோ மடக்கி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இன்னொரு போலீஸ்காரன் வந்து, முன்னால் இருந்தவளின் கையைப் பின்னுக்கு முறுக்கித் தூக்கினான். தோளில் ஏதோ நரம்பு பிசகியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது, ஜன்னல் பக்கம் சத்தமே இல்லை.

"தம்பி?"

அடங்கிவிட்டான் என்று முட்டியை எடுத்தான் அந்த ஆள். சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தியபோது தலை பின்னால் தொங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மருத்துவ ஆட்கள் ஏறி நெஞ்சை அழுத்தினார்கள். வெகுநேரம் அழுத்தினார்கள். பின்வாசல் வழியாக இறக்கியபோது முகத்தையும் சேர்த்துப் போர்த்தியிருந்தார்கள். செருப்பில்லாத கால் மட்டும் வெளியே தெரிந்தது.

பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் ஓரத்தில் அவளையும் நெட்டையையும் நிற்க வைத்தார்கள். சூப்பர்வைசர் கண்ணைப் பார்க்காமல் கையை நீட்டினார். இரண்டு அட்டைகளையும் கழற்றிக் கொடுத்தார்கள்.

"எங்க கண்ணு முன்னாடிண்ணே," என்றாள் அவள். "சொன்னீங்களான்னு கேட்டானே." அவர் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. துப்புரவு ஊழியர்களால் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம் என்றது ஒரு பெண்குரல். பயணிகள் எழுந்து வரிசை கட்டினார்கள். ஓரத்தில் நின்ற இருவரின் சீருடையைப் பார்த்த ஒருவர், கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு விமானத்துக்குள் போனார்.