என் பெயரில் எல்லாரும்

நான் உள்ளே நுழைந்ததும் தேநீர் அறையில் பேச்சு நின்றது. சலவைக்காரப் பெரியவர் கோப்பைக்குள் எதையோ தேடினார். டிரைவர் ஜன்னலை ஆராய்ந்தார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் என்னோடு சமைக்கிற என் அண்ணிகூட சர்க்கரை டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள். எல்லாம் அந்தப் புது மென்பொருள் வந்ததிலிருந்துதான். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்புவது எங்கள் வேலை. இனி எந்தத் துணிக்கட்டை யார் துவைத்தது, யார் இஸ்திரி போட்டது, யார் வண்டியில் ஏற்றியது என்று அவரவர் பெயரில் நுழைந்து பதிய வேண்டுமாம். இத்தனை பேரை விட்டுவிட்டு முதலாளி என்னை இதற்குப் பொறுப்பாளராக்கினார். அன்றே நான் முதலாளியின் உளவாளி ஆகிவிட்டேன்.

“பேரு கேக்குறவன் சும்மா கேக்க மாட்டான். நாளைக்கு ஒரு விரிப்பு கருகினா என் தலையிலதான் விடியும்” என்றாள் அண்ணி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே நம்பிக்கையில்லை. மென்பொருள் கம்பெனி ஆள் எதைக் கேட்டாலும் “ரொம்ப ஈஸி மேடம்” என்பான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயரே ஈஸிதான். எல்லாம் ஓடுகிறது என்று முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் அவன் இங்கிருந்து கழன்றுகொள்ள முடியும். இப்படி அவசரத்தில் இருக்கிறவன் சிரித்தால் நான் சில்லறையை மறுபடி எண்ணிப் பார்ப்பேன்.

யாரும் பதியாததால் திரை காலியாகவே கிடந்தது. “ஓடலேன்னா உன்னைத்தான் கேப்பேன்” என்றார் முதலாளி. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. தேநீர் அறையில் என் கடவுச்சொல்லை உரக்கச் சொன்னேன்.

“என்னை நம்பலேன்னா என் பேருலயே போடுங்க. கருகினாலும் கிழிஞ்சாலும் என்னோட போகட்டும்.”

அப்புறம் பேச்சு திரும்பியது. திரையும் மளமளவென்று நிறைந்தது. சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தேன்.

மாதக் கடைசியில் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். ஈஸி கையெழுத்துக்கான தாளோடு பக்கத்தில் நின்றான்.

“சாஃப்ட்வேர் ஜெயிச்சிடுச்சும்மா. ஆனா ஒண்ணு புரியல. துவைச்சது நீ, இஸ்திரி போட்டது நீ, ஏத்தினதும் நீ. மத்தவங்க பேருல ஒண்ணுமே இல்ல. அப்ப அவங்க எதுக்கு இங்க?”

விளையாட்டாகக் கேட்கிறாரா, ஆளைக் குறைக்கச் சாக்குத் தேடுகிறாரா? அவர் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒருத்தியால் இத்தனையும் முடியாது என்று ஈஸிக்குத் தெரியாதா? அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேலை அவங்க செஞ்சது சார். என் பேரை நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன்.”

“அப்படியா? உங்க அண்ணியக் கூப்பிடு.”

அண்ணி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“இவ பேருல நீ எதாவது பதிஞ்சியா?”

அவள் முதலாளியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடவுச்சொல்லை எல்லாருக்கும் சொன்னதற்கு நான் மாட்டிக்கொண்டேன் என்று அவள் நினைப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன். அவள் நிமிர்ந்து நின்றாள்.

“இல்லைங்க. அந்த மெஷினை நான் தொட்டதே இல்ல. எல்லாம் இவதான் பாத்துக்கிறா.”

“அண்ணி, உண்மையச் சொல்லுங்க!”

“உண்மையத்தாண்டி சொல்றேன்.”

முதலாளி தலையசைத்து அவளைப் போகச் சொன்னார். போகிறபோது என் தோளை அழுத்தினாள். இஸ்திரிச் சூடு இன்னும் அந்தக் கையில் இருந்தது.

“உன்னை விட்டுக்குடுப்பேனா?” என்றாள் காதோரம்.

ஈஸி தாளை மேசையில் நகர்த்தினான். முதலாளி பேனாவைத் திறந்தார். அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி ஒரு துணிக்கட்டை இஸ்திரி போட்டு அடுக்கினாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், திரையைத் தொட்டாள். மேசையிலிருந்த கணினியில் என் பெயருக்கு எதிரே எண் ஒன்று கூடியது. நான் முதலாளி எதிரில்தான், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.