சுவர் தின்ற மணல்

சுவரின் கடைசித் துண்டை இயந்திரம் பெயர்த்துப் போட்டபோது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடற்கரைப் பூங்காவின் அந்தச் சுவர் அவர் மேஸ்திரியாக நின்று கட்டியது. உடைத்த பக்கமெல்லாம் இப்போது மணலை மேடாகக் கொட்டி, தேங்காய் நார் உருளைகளை முளையடித்துப் பதித்து, இடையில் புல் நடுகிறோம். புல் வேர்பிடித்துவிட்டால் கரை தன்னைத்தானே காத்துக்கொள்ளுமாம். அவர் முளை அடிக்கிறார், நான் புல் நடுகிறேன். வேறு எவனும் கூப்பிட்டு வேலை கொடுக்கவில்லை. ரோஷம் பார்த்தால் உலை கொதிக்குமா?

எங்கள் மகள் அந்தச் சுவரிலிருந்து கடலுக்கு இறங்கும் படியில் வழுக்கி, தண்ணீரில் மூழ்கித்தான் போனாள். ஆறு வயசு. தண்ணீர் பாட்டிலை நிரப்ப நான் திரும்பிய நேரம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

போன வாரம் எஞ்சினியரம்மா புல் நடும் பெண்களைக் கூட்டி வைத்து விளக்கினாள். "இங்க முன்னாடி மணல் சரிவா இருந்துச்சு. சுவர் கட்டினதும் அலை அதுல மோதி மோதி அடிமணலை அரிச்சுட்டுப் போயிடுச்சு. அதான் சுவரடியில அவ்வளவு ஆழம்."

என் கையிலிருந்த புல் கட்டு நழுவியது. அப்படியானால் தப்பு என்னுடையது மட்டும் இல்லை. ஒரு நொடி நெஞ்சு லேசானது, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். உடனே சீ என்றாகிவிட்டது. வரிசையின் மறுகோடியில் அவர் குனிந்து முளை அடித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் காதில் இது விழக்கூடாது. விழுந்தால் ஆள் தாங்கமாட்டார்.

அதிலிருந்து எஞ்சினியரம்மா அவர் பக்கம் நடந்தாலே குறுக்கே புகுந்து எதையாவது கேட்பேன். "அக்கா, உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்துதான் இத்தனை சந்தேகம் வருதோ," என்று சிரிப்பாள். என்னை மக்கு என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

இன்று இயந்திரம் ஓய்ந்ததும் அவரே எழுந்து அவளிடம் போனார். மணலில் கால் புதையப் புதைய நானும் ஓடினேன்.

"இந்தச் சுவரை ஏம்மா இடிச்சீங்க? அதுல என்ன குத்தம்?"

"உங்க வேலையில குத்தமே இல்லைங்க மேஸ்திரி. ஆனா அது மணலைத் தின்னுடுச்சு."

"ஏங்க, சாப்பிட வாங்க," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "சுவரே கட்டாம விட்டிருந்தா, அந்தப் படி இருந்த இடத்துல எவ்வளவு தண்ணி நின்னிருக்கும்?"

அவளுக்கு என்ன தெரியும், பாவம். "முழங்கால் அளவுதான். குழந்தைங்ககூட இறங்கி விளையாடலாம்."

அவர் குனிந்து தன் முழங்காலருகே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். பிறகு அதை மெல்ல உயர்த்தி, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, மகளின் தலை இருந்த உயரத்தில் நிறுத்தினார். கையைக் கீழே இறக்கவே இல்லை.