மேனுகாவின் படத்துக்கு எழுதிய சொற்கள்

தவநேசன் கோபப்பட்டுப் பேசியிருந்தால் எறோலுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அவன் போனில் மெதுவாகத்தான் கேட்டான்.

“அண்ண, மேனுகாட படத்த ஆருக்காச்சும் குடுத்தீங்களா?”

“எந்தப் படம் தம்பி?”

“அடுப்படியில எடுத்தீங்களே, அது. எங்கட பஸ் ஹோல்ட்டில ஒட்டிக் கிடக்கு. வந்து பாருங்க.”

எறோல் புளியந்தீவில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். கலியாணம், ஞானஸ்நானம், அடையாள அட்டைப் படம் என்று அதில்தான் வீட்டுச் சீவியம். ஆனால் அவருடைய ஆசையெல்லாம் வாவியில் கிடந்தது. பெரியகல்லாற்றில் தவநேசனைப் பழக்கமாக்கிக்கொண்டதும் அதனால்தான். வெளிச்சம் வருமுன்பே தோணியில் ஏற்றிப்போய், வலை வீசும் இடம், நீர்க்காகம் கூடும் இடம் எல்லாம் அவன் காட்டுவான். கூலி என்று ஒரு சதம் வாங்கமாட்டான். திரும்பி வந்தால் அவன் மனைவி மேனுகா நண்டுக் கறியும் சோறும் போடாமல் விடமாட்டாள்.

அப்படி ஒருநாள், 2014 மாரியில், அவள் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது. ஊதி ஊதிப் புகை முகத்தில் அடித்து, இரண்டு கண்ணாலும் நீர் வழிந்தது. ஓலை இடுக்கால் வந்த வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்திருந்தது. எறோல் கமெராவைத் தூக்கியதைக் கண்டதும் அவள் சிரித்துவிட்டாள். சிரிக்குமுன்பே அவர் எடுத்துவிட்டார்.

“வெளிநாட்டு ஆக்கள் புத்தகங்களில போடுவாங்க தங்கச்சி. இதில ஒரு கையெழுத்து வை,” என்று ஆங்கிலச் சம்மதத் தாளை நீட்டினார்.

“எண்ட மூஞ்சியயா?” என்று கேட்டுக்கொண்டே அவள் கரி பிடித்த கையைத் துடைத்துக் கையெழுத்து வைத்தாள்.

அன்று அந்தத் தாளை அவரும் நம்பித்தான் நீட்டினார். இணையத்தில் படம் விற்கும் ஒரு தளத்தில் அவர் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்போது ஒவ்வொரு படத்துக்கும் தனி விலை. மாதத்தில் நாலைந்து படந்தான் போகும். ஆனால் ஒன்று போனாலே இருபது, முப்பது டொலர் வரும். வாங்குகிறவன் யோசித்து வாங்குவான். எறோலும் யோசித்துத்தான் படம் அனுப்புவார்.

பத்து வருடம் கழிந்து, இப்போது கல்லடிப் பாலத்தைத் தாண்டி, காத்தான்குடி நெரிசலுக்குள் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பெரியகல்லாற்றுக்குப் போய்ச் சேரும்வரை, எந்தப் புத்தகத்திலிருந்து கிழித்து ஒட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனார்.

புத்தகமல்ல. சுவரொட்டி. மேனுகாவின் முகம் ஆளுயரத்துக்கு நின்றது. கண்ணீர் அப்படியே. அதற்கு மேலே, ‘கணவன் அடித்தால் மறைக்காதே. பேசு.’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. ‘படம் மாதிரிக்கு மட்டுமே’ என்று கீழே எறும்பளவு எழுத்தில் ஒரு வரி. எறோல் குனிந்துதான் அதை வாசித்தார்.

வீட்டில் தவநேசன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். மேனுகாதான் பேசினாள்.

“மாதர் சங்கத்துப் பொம்புளையள் ரெண்டுதரம் வந்திட்டாங்க அண்ண. இவரக் கடைக்கு அனுப்பிப்போட்டு, ‘பயப்பிடாமச் சொல்லு’ எண்டு கேக்காங்க. இவர் ஒருநாளும் கை நீட்டினதில்ல எண்டு சொல்றன். சொல்லச் சொல்ல, பாவம் மறைக்கிறா எண்டு தலைய ஆட்டுறாங்க. நான் என்ன செய்ய?”

“தோணியில கூட வாறவனும் கேட்டுட்டான்,” என்றான் தவநேசன், நூலைப் பார்த்தபடி. “பகிடியாத்தான் கேட்டான்.”

இந்த ஊரில் குடிக்காத, சத்தம் போடாத ஆண்களை விரல்விட்டு எண்ணினால் அதில் ஒரு விரல் அவன் என்பது எறோலுக்குத் தெரியும்.

“நான் போய்க் கதைக்கிறன். இதில ஏதோ பிழை நடந்திருக்கு,” என்றார்.

சுவரொட்டியை அடித்த தொண்டு நிறுவனம் நகரத்திலேயே இருந்தது. றஸீனா என்ற அலுவலர் அவரை இருத்தி, தண்ணீர் கொடுத்து, முழுக்கதையையும் கேட்டார். கேட்டு முடிந்ததும் றஸீனாவின் முகம் வாடிவிட்டது.

“நாங்க களவா எடுக்கல்ல சேர். அந்தத் தளத்துக்குச் சந்தா கட்டி இரிக்கம். மாசத்துக்கு எவ்வளவு படமும் எடுக்கலாம். தேவைப்படும் எண்டு ஒரேயடியா அம்பது, அறுபது எடுத்து வெச்சிருவம். இஞ்ச பாருங்க.”

கணினியைத் திருப்பி, ஆங்கிலத்தில் நாலு சொற்களைத் தட்டினார். பெண், கண்ணீர், வன்முறை, இலங்கை. முதலாவதாக மேனுகா வந்தாள்.

படத்துக்குக் கீழே அதற்குரிய குறிச்சொற்கள் வரிசையாக நின்றன. அடுப்பு, புகை, விறகு, சமையல். அவை 2014இல் எறோல் எழுதியவை. அதற்குப் பின்னால் வந்த சொற்களும் அவர் எழுதியவைதான். சோகம். விதவை. வறுமை. அடிபட்ட மனைவி. குடும்ப வன்முறை.

எறோல் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தார். குடிக்காமலே வைத்துவிட்டார்.

2018இல் தளம் சந்தாவுக்கு மாறியபோது, இனிக் கோடிக்கணக்கானவர்களுக்கு உங்கள் படம் போய்ச் சேரும் என்று மின்னஞ்சல் வந்தது. போய்த்தான் சேர்ந்தது. ஆனால் இருபது டொலருக்குப் போன படம் முப்பத்தெட்டுச் சதத்துக்குப் போனது. பழைய வருமானத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு மாதத்தில் படங்கள் நூற்றுக்கணக்கில் இறங்க வேண்டும். அதற்குத் தேடுகிறவன் கண்ணில் முதலில் பட வேண்டும். ஒரு படத்துக்கு ஐம்பது குறிச்சொல்வரை போடலாம் என்று தளம் சொன்னது. எறோல் அந்த மாரி முழுக்க உட்கார்ந்து, பழைய படங்களுக்கெல்லாம் சொற்களை அள்ளிப் போட்டார். ஊரில் எங்கும் கிடைக்காத சந்தோஷத்தைச் சில படங்களுக்குப் போட்டார். மேனுகாவுக்குத் துக்கத்தைப் போட்டார்.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி பமீலா அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

“அந்தப் பிள்ள அழேல்லயே எறோல்? புகையெண்டுதானே சொன்னீங்க?”

“படத்தில கண்ணீர் இரிக்குதானே,” என்றிருந்தார் அவர். “ஆர் வந்து கேக்கப்போறான்?”

மறுநாளே அவர் பெரியகல்லாற்றுக்குப் போயிருக்கலாம். நாலு நாள் கழித்துத்தான் போனார். தளத்திலிருந்து படத்தை நீக்கினார். ஏற்கெனவே இறக்கியவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது என்று பதில் வந்தது. றஸீனா, இனி இந்தப் படத்தை அச்சடிக்கமாட்டோம், ஒட்டியதைக் கழற்றலாம் என்று கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு போய், ‘அவங்க வேணுமெண்டு செய்யல்ல’ என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருந்தால், மேனுகா அவரை ஒரு சொல்லும் கேட்டிருக்கமாட்டாள். அவருக்கும் அப்படித்தான் செய்ய விருப்பமாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அந்த எண்ணந்தான்.

மேனுகா கடிதத்தை வாசித்துவிட்டு, “பாருங்க, நீங்க எங்களுக்காக எவ்வளவு அலையிறீங்க,” என்றாள்.

அந்தச் சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். தளம் மாறியது, காசு குறைந்தது, சொற்கள் எழுதியது, பமீலா கேட்டது.

“அப்ப,” என்றாள் மேனுகா கடிதத்தைத் திருப்பி நீட்டியபடி, “என்ன அடி வாங்கினவ எண்டு முதல்ல சொன்னது நீங்கதான்.”

“ஓம் தங்கச்சி.”

“இந்த மனுசன அடிக்கிறவன் எண்டதும் நீங்கதான்.”

எறோல் தலையை மட்டும் அசைத்தார்.

தவநேசன் அன்று முதல்தடவையாக அவரை நேராகப் பார்த்தான். “அதுக்கு எவ்வளவு தந்தானுகள்?”

“முப்பத்தெட்டுச் சதம். எங்கட காசுக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூட.”

“ஒரு பிளேன்டீயும் பணிசும்,” என்றான் தவநேசன். திட்டுவதுபோல் சொல்லவில்லை. கணக்குச் சரிதானா என்று பார்ப்பதுபோல் சொன்னான். பிறகு சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் நடந்துவிட்டான்.

பின்னேரம்வரை இருந்தும் அவன் திரும்பி வரவில்லை. அன்று மேனுகா சோறு போடவுமில்லை.

அடுத்த இரண்டு வாரம் எறோல் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு, வாளியும் சுரண்டியுமாகக் கல்லாற்றிலிருந்து கிரான்வரை அலைந்தார். கடிதத்தைக் காட்டிக் காட்டிப் பதினேழு சுவரொட்டிகளை ஈரமாக்கிச் சுரண்டினார். ஒரு சந்தியில், பெண்களுக்காக ஒட்டியதைக் கிழிக்கிறான் என்று ஒரு பெண்மணி அவரைப் பிடித்து ஏசினாள். அவர் வாங்கிக்கொண்டார். ஆட்களின் முகம் இருந்த படங்கள் எல்லாவற்றையும் தளத்திலிருந்து எடுத்தார். மிச்சம் வானமும் நீரும் பறவைகளும். அவையும் சதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தன.

சங்கத்துப் பெண்களிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர்கள் நம்பினார்களா, கூட்டாளிக்காகப் பேச வந்த ஆள் என்று நினைத்தார்களா, அவருக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் தவநேசன் மனைவி பிள்ளையோடு வாகரைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டார். அங்கே அவனுடைய தம்பி முறையான ஒருவனோடு கடலுக்குப் போகிறானாம். ஏன் போனான் என்று யாரும் சொல்லவில்லை. மீன் குறைந்ததால் என்றார்கள். இருக்கலாம்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், பமீலா சொல்லிச் சொல்லி, அவர் போன் எடுத்தார். மேனுகாதான் பேசினாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாம். வீடு பரவாயில்லையாம். காற்றுத்தான் கொஞ்சம் கூடவாம். பமீலா அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

“தவநேசன் இரிக்கானா? ஒருக்காக் குடு தங்கச்சி.”

அவளுக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. பத்து வருடம் தோணியில் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்து கேட்ட செருமல்.

“அவர் கடலுக்குப் போயிற்றார் அண்ண,” என்றாள் மேனுகா.

“ஓம்,” என்றார் எறோல். “வந்தாச் சொல்லு, நான் எடுத்தனெண்டு.”